பழையதா புதியதா என்று போன பதினேழு நாள்

"பாடுவீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

என் கழுத்தை விரல்களால் அழுத்திப் பார்த்துக்கொண்டே, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோலத்தான் கேட்டார். சர்ச்சில் பாடகர் குழுவில் இருக்கிறேன், ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன் என்று சொன்னேன். அவர் கையை எடுத்துக்கொண்டு, நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தைராய்டு சுரப்பியில் கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் நல்ல கட்டி இல்லை என்று தெரிந்துவிட்டது. எடுத்தே ஆக வேண்டும். குரலுக்கான நரம்பு அந்தச் சுரப்பிக்குப் பின்னாலேயே ஓடுகிறது, கட்டி அதை ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரிகிறது என்றார். "காப்பாத்தத்தான் பார்ப்போம். ஆனா உயிரா குரலான்னு வந்தா குரலை விட்டுடுவோம். இப்பவே சொல்லிடறேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது." இருபத்திரண்டு நாள் கழித்து ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார். அவர் மறைக்காமல் சொன்னதற்கு இன்றுவரை அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

என் கணவர் பக்கத்திலேயே இருந்தார். வேலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு எதிர்ச் சீட்டின் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தார். பள்ளிகொண்டா தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நம்ம மிக்ஸர்ல இரைச்சல் ஜாஸ்தி. நல்ல ப்ரீஆம்ப் ஒண்ணு வாங்கணும். தேதிக்குள்ள உன் பாட்டு எட்டையும் எடுத்துடலாம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷன் என்னைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அது தப்பில்லை. ஆனால் அந்தப் பதினேழு நாளும் எங்களுக்குள் நடந்த பேச்சு முழுக்க அந்த ஒரு பெட்டியைப் பற்றியதாகவே இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. பதினேழு என்றுதான் சொன்னேன். இருபத்திரண்டு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அவர் ஒரு ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் எலக்ட்ரீஷியன். எங்கள் வாடகை வீடு ரயில் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. அதில் இரண்டாவது அறையை அவர் ரெக்கார்டிங் ரூமாக மாற்றியிருந்தார். ஷூவுக்கு உள்ளே வைக்கும் ஃபோமில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கம்பெனியில் கேட்டு வாங்கிவந்து, நாலு சுவரிலும் கதவிலும் சொல்யூஷன் தடவி ஒட்டியிருந்தார். வெயில் காலத்தில் உள்ளே போனால் அந்தச் சொல்யூஷன் வாடை தலையைச் சுற்றும். ஓர் அசெம்பிள் பண்ணிய கம்ப்யூட்டர், ஒரு மிக்ஸர், ஒரு நல்ல மைக். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சுற்றுவட்டத்து சர்ச் பிள்ளைகள் வந்து பாடுவார்கள். எந்த ரயில் எத்தனை மணிக்கு வரும் என்பது அவருக்கு மனப்பாடம். இரண்டு ரயிலுக்கு நடுவில், கம்பெனிச் சங்குக்கும் பள்ளிவாசல் பாங்குக்கும் இடம் விட்டு, ஒரு பாட்டை முடித்துவிடுவார்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான் பாட்டு எழுதி மெட்டுப் போட்டு வைத்திருந்தேன். எட்டுப் பாட்டு தேறும். "உன் பாட்டை அவசரமா எடுக்கக் கூடாது, நல்லா எடுக்கணும்" என்று அவர் வருஷா வருஷம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அதுவரை என் குரல் பதிவானதெல்லாம் கிறிஸ்துமஸ் கேசட்டில் இருபது பேர் சேர்ந்து பாடியதில் ஒன்றாகத்தான். அதில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

மைக் பிடிக்கிற சத்தம் மிகவும் சின்னது. அதைக் கேட்கிற அளவுக்கு உயர்த்தித் தருகிற பெட்டிதான் ப்ரீஆம்ப். எங்கள் மிக்ஸருக்குள்ளேயே ஒன்று இருந்தது. தொண்டை திறந்து பாடுகிறவர்களுக்கு அது போதும். என்னுடையது மெல்லிய குரல். எனக்காகக் குமிழைத் திருகி ஏற்றினால், பாட்டுக்குப் பின்னால் குக்கரில் ஆவி கசிவதுபோல உஸ்ஸென்று ஓர் இரைச்சல் வரும். கவனித்துக் கேட்டால்தான் தெரியும். அவர் கவனித்துக் கேட்கிறவர்.

அந்தச் சனிக்கிழமை மூன்று வயது மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் காலை ரயிலில் இரண்டு பேரும் சென்னைக்குப் போனோம். ரிச்சி தெருவில் ஒரு கடையில் புதுப் பெட்டியின் படத்தைக் காட்டினார்கள். சின்னது, கைக்கு அடக்கமானது. "ரெண்டு வருஷம் கேரண்டி சார். துளி இரைச்சல் இருக்காது. ஸ்டாக் இல்ல, ஆர்டர் போட்டா பத்து நாள்ல வந்துடும்" என்றார் கடைக்காரர். இவர் விலாசத்தை எழுதிக்கொண்டாரே தவிர ஆர்டர் போடவில்லை. கோடம்பாக்கம் பக்கத்தில் ஒரு பழைய ஸ்டுடியோவை மூடப்போகிறார்கள், அங்கே சாமான்களை விற்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதையும் பார்த்துவிடலாம் என்றார்.

அந்த ஸ்டுடியோவில் பாதி சாமான் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. தரையில் வயர்கள் சுருள் சுருளாகக் கிடந்தன. முதலாளி எங்களைப் பார்த்ததும் ஓர் இரும்புப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி மேசைமேல் வைத்தார். அரிசி மூட்டையை இறக்கியதுபோல மேசை அதிர்ந்தது. "சும்மா பேசி என்ன ஆகப்போவுது? பாடிப் பாரும்மா" என்று மைக்கைச் செருகி, ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டிவிட்டார்.

என் முதல் பாட்டில் இரண்டு அடி பாடினேன்.

அதைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. வார்த்தைக்கு முன்னால் நான் இழுக்கிற மூச்சு எனக்கே கேட்டது. உதடு பிரிவது கேட்டது. என் குரல் மெல்லியது என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அது மெல்லியது இல்லை, அடக்கமானது என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு பெண் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்காக மட்டும் பாடுவதுபோல இருந்தது. அவளை எனக்குப் பிடித்தது. முப்பத்தொரு வயதில் முதல்தடவையாக என் குரலை நான் கேட்டேன்.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "இப்ப பாடினது பதிவாயிருக்குங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. பதிவு பண்ற மெஷினெல்லாம் போன வாரமே வித்தாச்சு. இது சும்மா காதால கேக்கத்தான்."

முதலாளி என் கணவர் பக்கம் திரும்பி, "பொட்டியப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க சார். இந்தக் குரல எதுல எடுத்தாலும் நிக்கும்" என்றார். இவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. பெட்டியின் மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்புக் காற்றில் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. "கேரண்டி?" என்று கேட்டார். பழைய பொருளுக்கு என்ன கேரண்டி என்று முதலாளி சிரித்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பும் ரயிலில் நான், "வேற ஸ்டுடியோ எதுலயாவது ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாடிட்டா என்னங்க?" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நம்ம ரூம் இருக்கறப்ப இன்னொருத்தன் ரூம்ல போய் இன்னாத்துக்கு?"

அதற்குமேல் நான் அதைப் பேசவில்லை. அந்த அறையில் அவர் ஒட்டிய ஒவ்வொரு ஃபோம் துண்டும் எனக்காக ஒட்டியது என்று அவர் பலமுறை சொல்லியிருந்தார்.

பிறகு ஐந்து நாள் யோசித்தார். ஒரு நீள நோட்டில் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் 'புதுசு', ஒரு பக்கம் 'பழசு' என்று எழுதினார். புதுசு என்றால் இரைச்சல் இல்லை, கேரண்டி உண்டு. ஆனால் குரல் உலர்ந்து கேட்கும் என்கிறார்கள், வரப் பத்து நாள் ஆகும். பழசு என்றால் குரலுக்குச் சதை வரும், கையோடு கிடைக்கும். எப்போது கெட்டுப்போகும் என்று தெரியாது, பாகம் கிடைக்காது. வேலை முடிந்து வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு எஸ்.டி.டி பூத்துக்குப் போவார். யார் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து ஒரு வரி சேர்ப்பார். நான் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது எதிரில் உட்கார்ந்து, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டிக்கும் இல்லாத பெட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று அரைமணி நேரம் சொல்வார். பயமாக இருக்கிறதா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. கத்தி போடப்போகிற இடத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகளுக்கு மூன்று வயதுதான் ஆகிறது என்று நினைப்பேன். இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கும். "ஒண்ணும் ஆவாது" என்பதோடு அவர் முடித்துவிடுவார். பிறகு பழையபடி பெட்டிப் பேச்சு.

எட்டாம் நாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பழைய பெட்டியை வாங்கிவந்தார். துணி சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு ரயிலில் வந்ததாகச் சொன்னார். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் கட்டி மறந்துவிட்டது. அறைக்குள் போய் வயரை மாட்டி ஸ்விட்சைப் போட்டார். ஹெட்ஃபோனில் ஹும் என்று ஓர் உறுமல் எழுந்தது. லாரி என்ஜினை அணைக்காமல் வாசலில் நிறுத்தியதுபோல. எர்த்தை மாற்றிப் பார்த்தார், பிளக்கைத் திருப்பிப் பார்த்தார். உறுமல் நிற்கவில்லை.

பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாய் ஒருவர் இவருக்கு நெடுநாள் சிநேகிதர். அவர் எங்கள் வீட்டுக்கே வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"கண்டென்சர் எல்லாம் காஞ்சு போயிருக்கு தோஸ்த். ரொம்ப நாளா ஓட்டாம வச்சிருந்திருக்கான். ஸ்டுடியோல ஒரு மணி நேரம் சூடாக்கிட்டு உனக்குக் காட்டியிருப்பான். மாத்திடலாம், ஆனா சாமான் இங்க கிடைக்காது. சென்னையிலேந்து வரவழைக்கணும், நாலஞ்சு நாள் ஆவும்." பிறகு என்னைப் பார்த்தார். விஷயம் அவருக்குத் தெரியும். "அதுவரைக்கும் இருக்கற மிக்ஸர்லயே ஒரு தபா எடுத்து வச்சிக்கியேன். இன்னா கொறைஞ்சிடும்?"

நானும் அதைத்தான் சொன்னேன். "ஆமாங்க. அந்த இரைச்சல் யாருக்கும் கேக்காது."

"எனக்குக் கேக்குதே!" என்று அவர் கத்தினார். பாய் இருப்பதைக்கூட நினைக்கவில்லை. "ஒரே ஒரு தடவதான் கிடைக்குது. அதப் போய் உஸ்ஸுன்னு ஒரு சத்தத்தோட காலத்துக்கும் வச்சுக்கச் சொல்றியா?"

பாய் தலையைக் குனிந்துகொண்டு ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். ஒன்றும் ஆகாது என்று நாளெல்லாம் சொன்னவர், மனசுக்குள் என் குரலை ஏற்கெனவே இழந்திருந்தார். போய்விடும் என்று அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தால் ஏன் தாமதிக்கிறார்? போகாது என்று நம்பினால் ஏன் இந்தக் கூத்து? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அன்றே அவர் பூத்துக்குப் போய் ரிச்சி தெருக் கடைக்குப் போன் போட்டுப் புதுப் பெட்டிக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார். எது முன்னால் தயாராகிறதோ அதில் எடுக்கலாம் என்றார்.

வீட்டில் சாதாரண டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. அவர் வேலைக்குப் போன பிறகு, சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு நான் பாடியிருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. ஒருநாள் கேசட்டைப் போட்டும் விட்டேன். ஆனால் அதில் பாடினால் அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று ஆகிவிடும். அப்போது அது எனக்குப் பெரிய காரியமாகப் பட்டது. கேசட்டைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டேன். இன்றைக்கு அவரைக் குறை சொல்ல நினைக்கும்போதெல்லாம் அந்தக் கேசட் நினைவுக்கு வந்து என் வாயை அடைத்துவிடுகிறது.

பதினான்காம் நாள் சாயங்காலம் பாய் பெட்டியைச் சரிசெய்து கொண்டுவந்தார். உறுமல் இல்லை. முதல் பாட்டை ஆரம்பித்தோம். பல்லவி முடிந்து சரணத்தில் கால் வைக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஆம்பூரில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது. கம்ப்யூட்டரில் அதுவரை பதிவானது சேமிக்கப்படாமல் போயிருந்தது. மறுபடி ஸ்விட்சைப் போட்டபோது உறுமல் திரும்பியிருந்தது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் வேறு ஏதோ போய்விட்டது என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போன் வந்தது. வேலூரிலிருந்து. ஒரு படுக்கை காலியாகிறது, டாக்டர் சீக்கிரமே செய்துவிடுவது நல்லது என்கிறார், நாளை மறுநாள் காலை வந்து அட்மிட் ஆகிவிடுங்கள். தலைமையாசிரியை அறையில் நின்று, சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வகுப்புக்குத் திரும்பிப் போய்ப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். அன்றைய பாடத்தில் அது இல்லை.

மீதி இருந்தது ஒரு நாள். "இன்னைக்கு மிக்ஸர்லயே எடுத்துடலாங்க, எனக்காக" என்று காலையில் கெஞ்சினேன். அவர் ஏற்கெனவே சட்டை மாட்டியிருந்தார். கடையில் பார்சல் வந்துவிட்டதாம், நேரில் போய் வாங்கிக்கொண்டு சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்துவிடுவாராம். "அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா எட்டு பாட்டும் எடுத்துடலாம். நீ தொண்டைய ரெஸ்ட்ல வை, பேசாத."

பேசாத என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள், என் குரலின் கடைசிப் பகல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாளில், நான் யாரோடும் பேசவில்லை. மகளுக்கு ஜாடை காட்டிச் சோறு ஊட்டினேன். அவள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். மத்தியானம் அவள் தூங்கியதும் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தேன். மைக் எதிரில் நின்றது, வயர் மாட்டியிருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது. அதை எப்படி ஓட்டுவது என்று எனக்குத் தெரியாது. ஐந்து வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் அவர் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை. ரயில்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எதில் அவர் வருவார் என்று எண்ணிக்கொண்டு அழுதேன். அழுதால் தொண்டை கெடும் என்று தெரிந்தும் அழுதேன்.

ஐந்தே முக்காலுக்கு வந்தார். சட்டை முழுக்க வேர்வை. பெட்டியைப் பிரித்தார். புது வாசனை, பளபளப்பு. அதற்கான அடாப்டரைக் கையில் எடுத்து விளக்கடியில் பிடித்துப் படித்தார். படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நூத்திப்பத்து வோல்ட்டு. வெளிநாட்டுப் பீஸ் குடுத்துட்டான். நம்ம கரண்ட்ல போட்டா பொகைஞ்சிடும்."

அதைக் குறைத்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர் அவர் கம்பெனியில் உண்டு. அந்த நேரத்துக்குக் கம்பெனியை மூடியிருப்பார்கள். பாயின் கடைக்கு ஓடினார். பாய் ஒரு சாவுக்காகத் திமிரிக்குப் போயிருந்தார். இவர் திரும்பி வந்து, "காலைல கம்பெனி தொறந்ததும் எடுத்துட்டு வந்துடறேன்" என்றார். காலை ஆறு மணிக்கு நாங்கள் வேலூர் பஸ் ஏற வேண்டும். சொன்ன பிறகு அவருக்கே அது உறைத்தது.

"மிக்ஸரைப் போடுங்க" என்றேன்.

போட்டார். நான் பாடினேன். பகலெல்லாம் அழுத தொண்டை. முதல் அடியே பிசிறு தட்டியது. சமாளித்து இரண்டாம் சரணம் வரை வந்தேன். அங்கே ஓர் இடத்தில் ஸ்வரம் மேலே போகும். மேலே போனேன், பாட்டுக்குப் பதில் அழுகைதான் வந்தது. நிறுத்தாமல் பாடப் பார்த்தேன். வார்த்தைகள் உடைந்து உடைந்து வந்தன. அவர் கம்ப்யூட்டரை நிறுத்தவில்லை. திரும்பி என்னைப் பார்க்கவும் இல்லை. இன்னொரு தடவை எடுக்கலாம் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. மகள் கதவைத் தட்டினாள், நான் எழுந்து போய்விட்டேன்.

ஆபரேஷன் ஆறு மணி நேரம் நடந்தது. கட்டி நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது, நரம்பை விட்டுவைக்க வழியில்லை என்றார் டாக்டரம்மா. உங்கள் பேரைச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். காற்றுதான் வந்தது. சைக்கிள் டியூபில் காற்றுப் போகிறதுபோல ஒரு சத்தம், அதற்குள் எங்கோ என் பெயர். ஆறு மாதம் பார்ப்போம், பயிற்சி செய்யுங்கள் என்றார்கள். செய்தேன். ஒரு வருஷம் செய்தேன். கிசுகிசுப்பு கொஞ்சம் தடித்தது, அவ்வளவுதான். உயிர் மிஞ்சியது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பருவம் முழுக்கக் கரும்பலகையை வைத்துச் சமாளித்துப் பார்த்தேன். கடைசி பெஞ்சிலிருந்து "டீச்சர், கேக்கல" என்று ஒரு பிள்ளை சொல்லும். திரும்பவும் சொல்வேன். "டீச்சர், கேக்கல." அதில் குறும்பு இல்லை, நிஜமாகவே கேட்கவில்லை. தலைமையாசிரியை என்னை ஆபீசுக்கு மாற்றினார். மாற்றுச் சான்றிதழ் எழுதுகிற வேலை. அதற்குக் குரல் வேண்டியதில்லை.

அறைக்குள் இப்போது இரண்டு பெட்டிகள் இருந்தன. பாய் பழையதைக் கடைசியில் சரிசெய்துவிட்டார். அதற்குப் பிறகு அது உறுமவே இல்லை. புதியதற்கும் டிரான்ஸ்ஃபார்மர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வந்து பாடினார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாட வந்தவர்கள் போன பிறகு, அறையிலிருந்து மகளின் குரல் கேட்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும், "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." எட்டிப் பார்த்தேன். அவளை ஸ்டூலில் ஏற்றி மைக் முன்னால் உட்காரவைத்திருந்தார். ஒரு தடவை பழைய பெட்டியில், ஒரு தடவை புதியதில். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கிட்டே போய் அவர் காதிலிருந்து ஹெட்ஃபோனை நகர்த்தி, "எது நல்லா இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் வேறு யோசனையில் இருந்தார். யோசிக்காமலே பதில் சொல்லிவிட்டார். "ரெண்டும் ஒண்ணுதான். மூணு வாரமா கேக்கறேன், எனக்கு வித்தியாசமே தெரியல."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னார் என்று அவருக்கு விளங்கியது. முகம் வெளுத்துப்போனது. நான் அடுப்படிக்குப் போனேன். உலையில் அரிசி வெந்துகொண்டிருந்தது. அது குழைந்து கஞ்சியாகும்வரை அங்கேயே நின்றேன்.

அந்த ஒன்றரைச் சரணப் பாட்டை ஒரு சி.டி.யில் போட்டு அலமாரியில் வைத்திருந்தார். நாங்கள் இருவரும் அதை எடுத்ததில்லை. மகளுக்கு ஒன்பது வயதானபோது சர்ச்சில் யாரோ அவளிடம், உங்கம்மா மாதிரிப் பாட இந்த ஊர்ல ஆள் கிடையாது என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு நான் பாடிய ஞாபகமே இல்லை. என் கிசுகிசுப்புதான் அவளுக்கு அம்மாவின் குரல். அப்பாவை நச்சரித்து அதைப் போடவைத்தாள். நான் ஆபீசிலிருந்து வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டேன். உஸ்ஸென்ற இரைச்சல் இருக்கிறதா என்று என் காது தானாகத் தேடியது. அப்படி ஒன்றும் இல்லை. அழுகைக்கு முன்னால் அது எங்கே கேட்கப்போகிறது?

"யாருப்பா அழறாங்க?" என்று அவள் கேட்டாள்.

"அம்மாதான்."

"பாட்டைப் போடுங்கப்பா, அழறதை இல்ல."

இது ஒன்றுதான் இருக்கிறது என்று அவர் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று எழுந்து விளையாடப் போய்விட்டாள். மறுபடி கேட்கவில்லை.

அடுத்த வருஷம் நாட்றம்பள்ளியில் அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பைக்கில் போனோம். ஹைவேயை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரே புழுதி, பக்கத்திலேயே லாரிகள். வாணியம்பாடி தாண்டியதும் அவர் தலையை லேசாகத் திருப்பி, "அன்னைக்கே மிக்ஸர்லயே எடுத்திருக்கலாம்" என்றார்.

ஏழு வருஷத்தில் முதல்தடவையாக அதைச் சொன்னார். என் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத இடமாகப் பார்த்துச் சொன்னார் என்று புரிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. ரொம்ப நாளாக உள்ளே வைத்திருந்த பதிலைச் சொன்னேன். "பாட்டு போனதுகூடப் போகட்டும். அந்தப் பதினேழு நாள் நீங்க ஒரு நாளாவது சும்மா என் பக்கத்துல உக்காந்திருக்கலாம்." இவ்வளவு நீளமாகச் சொல்ல எனக்கு மூன்று மூச்சுத் தேவைப்பட்டது. கழுத்து நரம்பு வலித்தது.

"இன்னா சொன்ன?" என்று அவர் காற்றுக்கு மேல் கத்தினார். "கேக்கல!"

திரும்பச் சொல்ல என்னிடம் மூச்சு இல்லை. ஒன்றுமில்லை என்று அவர் தோளைத் தட்டினேன். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே மைக் செட் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது, எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேடைக்குப் போய் அதைச் சரிசெய்ய ஆரம்பித்தார். நான் பெண்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்தேன். சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எடுக்கவில்லை.